தறிக்குழியில் விழுந்த விரால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்குச் சட்னி தீர்ந்துபோன நேரமாகப் பார்த்து, விடுதி நடத்தும் ரேவதி சாப்பாட்டு அறைக்குள் வந்து நின்றார். பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தப் பெண்கள் விடுதி.

"ஆவணி பொறக்கறதுக்குள்ள எல்லாரும் வேற எடம் பாத்துக்குங்கமா. இத லாட்ஜ் ஆக்கப் போறோம்."

பதினெட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரேவதி கையை உயர்த்தினார். "கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வண்டி வண்டியா ஜனங்க வருது. ஒரு நாள் தங்குறாங்க, வாயத் தொறக்காம போறாங்க. நீங்க ரெண்டு வருஷமா சட்னி பத்தல, சட்னி பத்தலன்னு சொல்லிக்கினே இருக்கறீங்க."

"பத்தலதான ஆன்ட்டி" என்றாள் சத்யப்ரியா.

அவள் சுபாவம் அது. யாராவது ஒரு வாக்கியம் பேசி முடித்தால், அதை அப்படியே தரையில் கிடக்க விட அவளால் முடியாது. குனிந்து எடுத்துப் பதிலாகத் திருப்பி வீசினால்தான் நிம்மதி.

சத்யப்ரியாவுக்கு இருபத்திரண்டு வயது. பி.எட். இரண்டாம் வருடம். சொந்த ஊர் தாமல். பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வீடு. பிறகு எதற்கு விடுதி என்று கேட்பவர்களுக்கு அவள் சொல்லும் பதில், "அப்பா ஜெயிச்சுட்டாருங்க" என்பது. அவள் அப்பா பரசுராமன் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர். பஞ்சாயத்துத் தேர்தலில் வார்டு மெம்பருக்கு நின்று பதினோரு ஓட்டில் ஜெயித்தார். அந்தப் பதினோரு ஓட்டுக்காரர்களும் தங்களால்தான் அவர் ஜெயித்தார் என்று நம்பி, விடிந்ததும் வீட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பதினோரு பேர் மெதுவாக இருபது பேர் ஆனார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் டீ. டீ போடுவது வீட்டில் இருக்கும் படித்த பெண். முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் தோற்றதும் சத்யப்ரியா பெட்டியைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டாள். அம்மா தடுக்கவில்லை. டம்ளர்களை வாங்கித் தானே கழுவ ஆரம்பித்தார்.

இப்போது விடுதியும் போயிற்று. அதுவும் சரியாகக் கற்பித்தல் பயிற்சி தொடங்கும் நேரத்தில். பதினாறு வாரம் ஒரு அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க வேண்டும். தினமும் எட்டரைக்குள் சேலை கட்டிக்கொண்டு, சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். அறைத்தோழி சந்தியாவுக்கும் அதே கதி. சந்தியா ஆரணிக்காரி, கணக்கு எடுக்கிறவள், பயந்த சுபாவம். வீடு பார்க்கப் போகும் இடங்களில் சத்யப்ரியா பேசுவது, சந்தியா பின்னால் நின்று அவள் முந்தானையை இழுப்பது என்று இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

புரோக்கர் கமல், பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் இரண்டு போனோடு உட்கார்ந்திருப்பார். ஒரு போன் வீடு கொடுப்பவர்களுக்கு, இன்னொன்று வீடு கேட்பவர்களுக்கு. எந்தப் போனில் எதைப் பேசினோம் என்பது சில சமயம் அவருக்கே குழம்பிவிடும்.

"ஆடி மாசத்துல வீடு பாக்க வந்தியே தங்கச்சி" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆடியில எலி கூட வளை மாத்தாதே."

"எலிக்கு டீச்சிங் ப்ராக்டிஸ் இல்லைணா."

கமல் சிரித்துவிட்டு முதல் வீட்டு முகவரியைக் கொடுத்தார். "கோயில் மாதிரி வீடு" என்றார். அவர் காட்டிய எல்லா வீடுமே கோயில் மாதிரி வீடுதான். ஒரு விஷயத்தில் அது உண்மை. ஒவ்வொன்றிலும் வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

முதல் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி. சாதியை நேராகக் கேட்கக் கூடாது என்று அவருக்கு நாகரிகம் தெரிந்திருந்தது. அதனால் சுற்றி வளைத்தார்.

"தாமல்ல நீங்க எந்தப் பக்கம்?"

"ஏரிப் பக்கம் சார்."

"அது இல்லம்மா. நீங்க என்ன ஆளுங்க?"

"நல்ல ஆளுங்க சார்."

சந்தியா முந்தானையை இழுத்தாள். அதிகாரி விடவில்லை. "குலதெய்வம்?"

"இருக்குது சார். வருஷத்துக்கு ஒரு கெடா வெட்டுவோம்."

கதவு மரியாதையாகச் சாத்தப்பட்டது.

இரண்டாவது வீட்டில் முட்டைகூடக் கூடாது என்றார்கள். மூன்றாவது வீட்டில் எல்லாம் சாப்பிடலாம், ஆனால் வெங்காயம் வதக்கினால் மாமியாருக்குத் தலைவலி வரும் என்றார்கள். நான்காவது வீட்டுக்காரர் ஜெயக்குமார் நாற்பது வயதுக்காரர், நன்றாகச் சிரித்துப் பேசினார். மாடிப்படியில் கேமரா வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொல்லி, தன் போனில் அதை எடுத்துக் காட்டினார். "பொம்பளப் பசங்களுக்கு சேஃப்டி முக்கியம் இல்லியா?" அந்தச் சின்னத் திரையில் சத்யப்ரியா தன்னுடைய முதுகையே பார்த்தாள். பத்து நிமிடம் முன்பு அவள் மாடி ஏறிப்போனது அப்படியே பதிவாகி இருந்தது. அதை அவர் இரண்டாவது தடவையும் ஓட்டிக் காட்டினார்.

"அண்ணா, உங்க ரூம்லயும் ஒண்ணு மாட்டி எங்களுக்குக் கனெக்ஷன் குடுங்க. சேஃப்டி எல்லாருக்கும் வேணும் இல்ல?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

தெருமுனை வரை சந்தியா வேகமாக முன்னால் நடந்தாள். பிறகு ஒரேயடியாக வெடித்தாள். "உன் வாயால நான் நடுத்தெருவுல நிக்கப் போறேன்டி! ஒரு வீட்லயாவது அவங்க கேக்குற பதில சொல்லேன். மார்க் வாங்கறதுக்குப் பரீட்சையில எழுதறோம் இல்ல, அது மாதிரி."

அது சத்யப்ரியாவுக்கு உறைத்தது. சந்தியாவுக்குப் போய் நிற்க இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. அடுத்த வீட்டில் அவர்கள் கேட்கிற பதிலையே சொல்வது என்று முடிவு செய்தாள்.

அடுத்த வீடு கலியாணசுந்தரத்தின் வீடு. ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பழைய வீடு. கீழே கூடத்தில் தறி, மாடியில் இரண்டு அறை. அறுபது வயதிலும் நிமிர்ந்த உடம்பு, நெற்றி நிறைய விபூதி. தறியில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு, மிதிபலகையை மிதித்தபடியே அவர் கேள்வி கேட்டார். மனைவி மணியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஜரிகை சுற்றிக்கொண்டிருந்தார்.

"சைவமாமா நீங்க?"

சந்தியாவின் கை முந்தானையை நோக்கி வந்தது. அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

"சுத்த சைவம் அங்கிள்" என்றாள் சத்யப்ரியா. சொன்ன வேகத்தில் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டாள். "கேக்குல முட்டை இருக்குதுன்னு பர்த்டேக்குக்கூட கேக் வெட்டறது இல்ல."

கலியாணசுந்தரம் முகம் மலர்ந்தது. ஆவணி முதல் தேதி பால் காய்ச்சலாம் என்று சொல்லிவிட்டார். சந்தியா அன்று முழுவதும் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள். சத்யப்ரியாவுக்குத்தான் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. பொய் சொன்ன குற்ற உணர்ச்சி என்று நினைக்க வேண்டாம். மாதக்கணக்கில் மீன் இல்லாமல் எப்படி இருப்பது என்ற கவலை.

ஆடிக் கடைசி சனிக்கிழமை, அலமாரிக்கு அளவெடுக்க இரண்டு பேரும் கலியாணசுந்தரம் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அப்போது பரசுராமனின் போன் வந்தது.

"எங்கமா இருக்குற?"

"புது வீட்லபா. அளவு எடுத்துக்கினு இருக்கறோம்."

"நானும் டவுன்லதான் இருக்கறேன். கலெக்டர் ஆபீஸ் வந்தேன். அந்தத் தெருதான? வந்துட்டேன் இரு."

"அப்பா, வேணாம்பா, நானே வந்து..." என்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. அரசியலுக்கு வந்தபின் அவர் எதிர்முனை பேசி முடிக்கும்வரை காத்திருப்பதில்லை.

கட்சிக்கொடி கட்டிய ஒரு பழைய கார் தெருவில் நுழையவும் சின்னப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பரசுராமன் வெள்ளை வேட்டி சட்டையில் இறங்கினார். கையில் மூடி போட்ட ஒரு பெயிண்ட் பக்கெட். வாசலிலேயே கும்பிட்டார்.

"வணக்கம் சார். சத்யா அப்பா. பொண்ணு உங்க வீட்டுக்கு வருது. வெறுங்கையோட வரக் கூடாது பாருங்க, அதான். எங்க தாமல் ஏரிது. காலையில புடிச்சது. உசுரோட இருக்குது."

'உசுரோட' என்ற சொல் கலியாணசுந்தரத்துக்கு விளங்குவதற்குள் மூடி திறந்துவிட்டது. உள்ளே மூன்று விரால் மீன்கள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். காலையிலிருந்து இருட்டில் சுருண்டு கிடந்த கோபம் அவற்றுக்கு. வெளிச்சத்தைக் கண்டதும் பெரியது எகிறியது. சிமென்ட் தரையில் விழுந்து, எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு கூடத்தின் குறுக்கே போய், நேராகத் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டது.

கலியாணசுந்தரத்தின் இரண்டு காலும் அந்தக் குழிக்குள்தான் இருந்தன.

"ஏகாம்பரநாதா!"

கோயிலில் ஆறுகால பூஜையிலும் அவர் அந்தப் பெயரை அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. எழுந்து ஓடவும் வழியில்லை. முன்னால் பாதி நெய்த சேலை, பாவு நூல் முழுக்க இழுத்துக் கட்டியிருந்தது. மீன் குழிக்குள் ஒரு சுற்று சுற்றியது. அவர் உட்கார்ந்தபடியே குதித்தார். மிதிபலகை ஏறி இறங்க, தறி தானாகவே தடதடத்தது.

"பாவு! பாவு! பாவு அறுந்துடப் போவுது!" என்று மணியம்மாள் கத்தினார். புருஷன் போனால் போகட்டும், அது முகூர்த்தச் சேலை.

பரசுராமன் ஒரு நொடி திகைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, குப்புறப் படுத்து, தோள்வரை கையைக் குழிக்குள் விட்டுத் துழாவினார். "ஆடாதீங்க சார். ஆடினா அது பயந்துக்கும். வெரால வாலுல புடிக்கக் கூடாது, தலையாண்ட அமுக்கணும்... இதோ... சார், இது உங்க காலு... விடறேன் விடறேன்... ஆங், மாட்டிக்கிச்சு!"

தலையைப் பிடித்து மீனை வெளியே எடுத்து, ஜெயித்த வேட்பாளர் போல உயர்த்திக் காட்டினார். வெள்ளைச் சட்டை முழுக்க ஒட்டடை.

சத்யப்ரியா அந்த இடத்தில் அழுதிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மணியம்மாள் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

கலியாணசுந்தரம் மெதுவாகக் காலை வெளியே எடுத்தார். "நீ சைவம்னு சொன்னியேமா" என்றார்.

"யாரு சார், இவளா?" பரசுராமன் பெருமையோடு குறுக்கே வந்தார். "மீன் இல்லன்னா சோத்துல கை வெக்காது சார் இந்தப் பொண்ணு."

சிரிப்பு நின்றது.

"நீ என்னா சாப்டறதுங்கறது உன் இஷ்டம்" என்றார் கலியாணசுந்தரம். "மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்ன பாரு, அதுதான்."

"தப்புதான் அங்கிள். நெஜம் சொன்ன வீட்ல எல்லாம் கதவ சாத்திட்டாங்க. நானு மீன் திங்கறவன்னு சொல்லியிருந்தா, நீங்க குடுத்துருப்பீங்களா?"

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர். "குடுத்துருக்க மாட்டேன்" என்றார்.

அந்த வீடும் அதோடு போயிற்று.

தெருவில் காருக்குப் பக்கத்தில் நின்று பரசுராமன் சட்டையைத் தட்டிக்கொண்டார். சந்தியா தூரத்தில் போய் நின்று ஆரணிக்குப் போன் செய்வதாகப் பாவனை செய்துகொண்டிருந்தாள்.

"நான் என்ன குண்டா கொண்டாந்தேன்? மீனுதானே. சைவம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பலாப்பழம் எடுத்தாந்துருப்பேன் இல்ல?"

"நீ எங்கபா சொல்ல விட்ட? போன வெச்சிட்ட."

"சரி வுடு. எதுக்கு இவங்க கிட்டலாம் கெஞ்சிக்கினு? ஊட்டுக்கு வந்துடு. தெனம் நானே வண்டியில கொண்டாந்து வுடறேன்."

"வந்தா, உன் ஆளுங்க இருவது பேருக்கு டீ யாரு போடறது? அம்மா தனியாதான் போடுது இப்போ. நானும் வந்து நின்னா ரெண்டு பேருமே அடுப்படியிலதான் நிக்கணும். பரீட்சையில போனது அதனாலதான்பா. உன் கிட்ட சொல்லல."

பரசுராமன் மைக் கிடைத்தால் முக்கால் மணி நேரம் பேசுகிறவர். பக்கெட் மூடியை இரண்டு தடவை இறுக்கி அழுத்தினார். காரில் ஏறியபின், "அப்போ நல்ல வீடா பாரு. அவசரப்பட்டு எதுலயும் போயி வுழாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவிடம் அதை இப்படித் தெருவில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு வலித்தது. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் தோன்றவில்லை.

ஆவணிக்கு ஆறு நாள் இருந்தது. விடுதியில் கட்டில்களைக் கழற்ற ஆள் வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கமலைத் தேடிப் போனபோது அவர் எழுந்து நின்றே வரவேற்றார்.

"வாம்மா மீன் டீச்சர்! காஞ்சிபுரம் ஃபுல்லா உன் பேச்சுதான். நெசவுக்காரங்க வீட்ல எல்லாம் சொல்லிச் சொல்லி சிரிக்கறாங்க."

"சிரிங்கணா. வீடு?"

"அங்கதான் மேட்டர். செவிலிமேட்டுல ஒரு அம்மா அவங்களாவே போன் பண்ணாங்க. 'அந்த மீன் பொண்ணுக்கு வீடு அமைஞ்சுதா, இல்லியா? இல்லன்னா இங்க அனுப்பு'ன்னு."

செவிலிமேடு ஊரின் தெற்கு ஓரம். பாலாற்றுக் காற்று வரும் புது வீடுகள். தில்லையம்மாளின் வீட்டுக்குப் பச்சை நிறம் அடித்திருந்தது, கண்ணைக் கூசுகிற பச்சை. கதவைத் திறந்த அம்மாள் கட்டையாக, உருண்டையாக இருந்தார். மூக்கில் கண்ணாடி, கையில் டிவி ரிமோட். உட்கார்வதற்குக்கூடச் சொல்லவில்லை.

"அவன் கால்ல கடிச்சுதா?"

"யாரு கால்ல ஆன்ட்டி?"

"கலியாணசுந்தரம் கால்ல. வெராலு கடிச்சுதா?"

"இல்ல ஆன்ட்டி. வழுக்கினு போச்சு, அவ்வளோதான்."

"கடிச்சிருக்கலாம்" என்றார் தில்லையம்மாள் உண்மையான வருத்தத்தோடு. பிறகு உட்காரச் சொன்னார்.

கலியாணசுந்தரம் அவருடைய கூடப் பிறந்த தம்பி. முப்பத்தோரு வருடம் முன்பு தில்லையம்மாள் பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருவரைத் தானாகவே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டார். கறியும் மீனும் சமைக்கிற வீடு. அன்றிலிருந்து தம்பி இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. மூன்று வருடம் முன்பு அக்காவின் கணவர் இறந்தபோதுகூட வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். இதையெல்லாம் தில்லையம்மாள் அழாமல், சத்தமாக ஓடிக்கொண்டிருந்த சீரியலில் ஒரு கண் வைத்தபடி சொன்னார்.

"அந்தக் குழியில ஒரு மீனு போயி நின்னுச்சு பாரு. அதக் கேட்டதுல இருந்து ரெண்டு நாளா எனக்கு நல்லா தூக்கம் வருது."

அழுவதா சிரிப்பதா என்று சத்யப்ரியாவுக்குத் தெரியவில்லை. எப்படியானாலும் இந்தத் தடவை சரியாகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"ஆன்ட்டி, மொதல்லயே சொல்லிடறேன். நாங்க ரெண்டு பேரும் எல்லாம் சாப்பிடுவோம். கருவாடு உள்பட. சில நாள் வர லேட் ஆகும். சத்தமா சிரிப்பேன். இவ பயந்தவ, பல்லி வந்தா கத்துவா. எங்க அப்பா கட்சிக்காரரு, கொடி கட்டின கார்ல வருவாரு."

"சரி."

"நானும் கொஞ்சம் கேக்கலாமா?"

சந்தியா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தில்லையம்மாள் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டார். "கேளேன்."

"மாடிக்கு வந்தா கதவத் தட்டிட்டு வருவீங்களா?"

"தட்டுவேன்... மறந்துடுவேன். பழக்கம் இல்ல."

"டிவி இவ்ளோ சத்தமாதான் இருக்குமா?"

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம். காலையில பத்து மணிக்கு ஆரம்பிக்கும். அப்போ நீங்க ஸ்கூல்ல இருப்பீங்க."

"எங்க ஃப்ரெண்ட்ஸ் யாராவது வந்தா, யாரு என்னன்னு தெருவுல போயி சொல்லுவீங்களா?"

தில்லையம்மாள் ரிமோட்டைக் கீழே வைத்தார். "சொல்லுவேன்" என்றார். "சுவாரசியமா இருந்தா சொல்லுவேன். அதுக்கும் மேல எங்கிட்ட சத்தியம் வாங்காத."

இவ்வளவு நாள் அலைச்சலில் அவள் கேட்ட முதல் நேர்மையான பதில் கலியாணசுந்தரத்துடையது. இரண்டாவது இது. ஒரே குடும்பம்தான். சத்யப்ரியா சந்தியாவைத் திரும்பிப் பார்த்தாள். சந்தியா முந்தானையை விட்டுவிட்டு, "கிச்சன் எங்க இருக்குது ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

ஆவணி முதல் தேதி குடிபோனார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது நல்ல சகுனம் என்றார் தில்லையம்மாள். அதைத் துடைக்கத் துணி கேட்டபோது சீரியல் தொடங்கிவிட்டது என்று கீழே போய்விட்டார். அடுத்த மாதத்துக்குள் சத்யப்ரியாவுக்கும் அவருக்கும் மூன்று சண்டை. தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்துவது என்று ஒன்று. தட்டாமல் உள்ளே வந்து சந்தியாவை அலறவைத்ததற்கு ஒன்று. மூன்றாவது, சத்யப்ரியா வைத்த மீன் குழம்பில் புளி அதிகம் என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னதற்கு. மூன்றாவதில்தான் இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை, படிக்கட்டில் புளி குறைவாகப் போட்ட ஒரு கிண்ணம் குழம்பு மூடி வைக்கப்பட்டிருந்தது. சந்தியா முதலில் சாப்பிட்டுவிட்டு, "ஆன்ட்டிதுதான்டி நல்லா இருக்குது" என்றாள். சத்யப்ரியா ஒப்புக்கொள்ளவில்லை. கிண்ணத்தை மட்டும் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டாள்.

ஏழே முக்கால் டவுன் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. சார்ட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, சந்தியாவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே சத்யப்ரியா படியிறங்கி ஓடினாள். அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம், ஒலி.